போனை அந்த அம்மாகிட்டயே குடுங்க

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, கருவடிக்குப்பத்திலிருந்து உங்கள் ஆம்புலன்ஸ் அறைக்கு ஒரு அழைப்பு வந்தது. பேசியது நான். எடுத்தது உங்களில் ஒரு பெண். சின்னக் குரல், கொஞ்சம் ஜலதோஷம் பிடித்திருந்தது. பெயர் தெரியாது. அவளுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக ஆம்புலன்ஸ் அழைப்பு அறைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். முடியாது என்றேன். நின்று பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்களும் பாவம், டீ பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழிப்பீர்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதும்போது அழுதால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். என் பெயர் ஸ்டெல்லா. பாதி வாழ்க்கை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அங்கே ஆள் குறைத்து வெளியே அனுப்பியபோது, காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று இந்த வேலைக்கு வந்தேன். என் கணவரும் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்தான். எனக்கு மேலதிகாரியாக இருந்ததால் அவரை 'சார்' என்று கூப்பிட்டுப் பழகி, கல்யாணத்துக்குப் பிறகும் வாயில் அதுவே நின்றுவிட்டது. மாதா கோவிலில் எல்லோரும் சிரிப்பார்கள். ஒரே மகன், பிரான்சில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான். இந்த ஊரில் பாதி வீடுகளின் கதை அதுதான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வேலையில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு வீடு, ஒரு மனிதர், ஒரு ஆபத்து, எல்லாம் ஒரு குரலுக்குள் இருக்கின்றன. வண்டி போய்ச் சேர்ந்ததும் அந்தக் குரல் போய்விடும். ஆள் பிழைத்தாரா இல்லையா என்று யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நீங்களும் கேட்கக் கூடாது, விதி அப்படி. நான் வந்த புதிதில் அது என்னைத் தின்றது. வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. சார் தட்டை வைத்துவிட்டுக் கேட்பார்: "இன்னிக்கு இன்னா கதை?" கதை இருக்கிறது, முடிவு இல்லை என்பேன். "முடிவு நான் சொல்றேன் கேளு" என்று ஆரம்பிப்பார். அவர் சொல்லும் முடிவில் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள். மாடியிலிருந்து விழுந்தவன் மறுவாரமே மாடி ஏறுவான். நெஞ்சுவலிக்காரர் ரசஞ்சோறு கேட்டு மனைவியிடம் திட்டு வாங்குவார். பொய் என்று தெரிந்தும் நான் அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்குவேன். இல்லாவிட்டால் இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது.

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன். உங்கள் மேசையிலும் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருப்பார்கள், கேள்வி அட்டை. எங்கள் காலத்து அட்டையில் இருந்த தமிழ் மேடையில் பேசுகிற தமிழ். 'தங்களது அமைவிடத்தைக் கூறவும்' என்று இருந்தது. முதல் வாரம் ஒரு வயதான அம்மாவிடம் அதை அப்படியே படித்தேன். அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதெல்லாம் எங்ககிட்ட இல்லீங்க, ரேஷன் கார்டுதான் இருக்குது" என்றார். அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். 'எங்க இருக்கீங்கம்மா?' என்று கேட்டதும் தெரு, சந்து, முருங்கை மரம் வரைக்கும் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவாவது வாய்விட்டு 'இல்லை' என்றார். நம் ஊரில் பெரும்பாலோர் அப்படிச் சொல்ல மாட்டார்கள். விளங்காத சொல்லைக் கேட்டால் 'ஆமாங்க' என்பார்கள். ஆபீஸ் குரலில் ஒருத்தி கேட்கிறாள், விளங்கவில்லை என்று சொன்னால் அவளுக்கு மரியாதைக் குறைவு, நமக்கும் வெட்கம். அதனால் ஆமாங்க, சரிங்க, இருக்குதுங்க. இதை முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் முன்னால் நீங்களும் நானும் இதையேதான் செய்கிறோம்.

ஒரு மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் காலம், அறையில் ஏசி வேலை செய்யவில்லை, எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். பெயர் சொன்னால் கோபிப்பார், விட்டுவிடுகிறேன். அட்டையைத் தாண்டி ஒரு சொல் கேட்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அதில் நியாயமும் இருந்தது. ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்டு, ஒரு தடவை வண்டி தவறான தெருவுக்குப் போயிருந்தது.

அழைத்தது ஒரு பெண்.

"ஆம்புலன்ஸுங்களா? எங்க வூட்ல அவங்க... கடையிலேர்ந்து வந்து, சாப்ட்டு, பாயில படுத்தாங்க. எழுப்புனா எழுந்துக்க மாட்டேங்கறாங்க. சீக்கிரம் வாங்க."

வீடு எங்கே என்று தெளிவாகச் சொன்னாள். டவுனுக்குள்ளேதான், மசூதித் தெருவை ஒட்டின சந்து. கணவருக்கு லேஸ், பொத்தான் விற்கிற கடை. வண்டியைக் கிளப்பிவிட்டோம். ஆனால் மார்க்கெட் பக்கம் மதிய நெரிசல், உடனே போய்ச் சேராது. நான் அட்டையின் அடுத்த கேள்விக்கு வந்தேன்.

"நோயாளி சுயநினைவுடன் உள்ளாரா?"

அவள் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவசரமாக, "இருங்க, இருங்க, சார் வந்துட்டாரு. சார் பேசுவாரு உங்ககிட்ட" என்றாள். போன் கை மாறியது.

"வணக்கம் மேடம். நான் பக்கத்து வீடு. ரிட்டயர்டு கவர்ன்மென்ட் சர்வன்ட்."

எவ்வளவு நிம்மதி தெரியுமா அந்தக் குரலைக் கேட்டபோது? நிதானம், தெளிவு. அழுகை இல்லை, அலறல் இல்லை. நம் அறையில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் அன்றைக்கு நரி முகத்தில் விழித்த மாதிரி.

"நோயாளி சுயநினைவுடன் உள்ளாரா?"

"உள்ளார் மேடம். கண்கள் திறந்த நிலையில் உள்ளன."

"சுவாசம் சீராக உள்ளதா?"

"சீராக உள்ளது மேடம். குறட்டைச் சத்தம்கூட வருகிறது."

பக்கத்தில் நின்று ஒரு காதில் கேட்டுக்கொண்டிருந்த இன்சார்ஜ் தலையை அசைத்தார். அட்டையின்படி வேலை முடிந்தது. 'வண்டி வந்துகொண்டிருக்கிறது, காத்திருங்கள்' என்று சொல்லி வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும். பலகையில் சிவப்பு விளக்குகள் காத்திருந்தன. தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு விபத்து, அங்கேயிருந்தே நான்கைந்து பேர் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வைக்கவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அவர் பேசும்போது பின்னால் அந்தப் பெண் அழுகிற சத்தம் கேட்டது. அது தூரத்திலிருந்து வந்தது. எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டின காது, தூரத்துக் குரலுக்கும் கிட்டத்துக் குரலுக்கும் வித்தியாசம் தெரியும். அழுகிறவள் கணவன் பக்கத்தில்தான் இருப்பாள். அப்படியானால் இவர் அங்கே இல்லை.

"சார், நீங்க எங்க நிக்கிறீங்க?"

"வாசல்ல மேடம். லேடீஸ் இருக்கற வீடு. உள்ள எப்படி..."

"கண்ணு தொறந்திருக்குன்னு யார் சொன்னது?"

"அந்த அம்மா சொன்னாங்க."

"போனை அந்த அம்மாகிட்டயே குடுங்க சார்."

அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "அவங்களுக்கு உங்க கேள்வி புரியல மேடம். அதனாலதான் எங்கிட்ட குடுத்தாங்க."

"கேள்விய நான் மாத்திக்கறேன். நீங்க குடுங்க."

இன்சார்ஜ் கையால் வெட்டுவது போல் காட்டினார். வை, அடுத்ததை எடு என்று அர்த்தம். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முதுகில் அவர் பார்வை குத்தியது. அந்தச் சிவப்பு விளக்குகளில் ஒன்றில் வேறொரு உயிர் இருக்கலாம் என்று எனக்கும் தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த ஆளுக்கு வார்த்தை இருந்தது, கண் இல்லை. அவளுக்குக் கண் இருந்தது, என்னுடைய வார்த்தை இல்லை. நம் ஊர் வழக்கம், ஆபீஸ் குரல் போனில் வந்தால் பக்கத்தில் யார் படித்தவரோ, யார் ஆம்பளையோ அவரிடம் போனைக் கொடுத்துவிடுவது. எந்தச் சாதியிலும் எந்த மதத்திலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அந்தப் படித்தவரும் மரியாதையாக வாசலிலேயே நிற்பார். இரண்டு பேரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். நடுவில் உள்ளே ஒருவர் செத்துக்கொண்டிருந்தார்.

போன் அவளிடம் வந்தது.

"உங்க பேரு என்னம்மா?"

"ஜைத்தூன்." பெயரை இங்கே மாற்றியிருக்கிறேன்.

"ஜைத்தூன், நான் ஸ்டெல்லா. போனைக் கீழ வைக்காதீங்க. அவர் பக்கத்துல போய் உக்காருங்க. பேரைச் சொல்லி சத்தமா கூப்பிடுங்க."

"பேரையா?" அந்த நேரத்திலும் அவளுக்குத் திக்கென்றது. "நா எப்டிங்க அவங்க பேர..."

"சரி. எப்பவும் எப்டி கூப்பிடுவீங்க?"

"ஏங்கன்னுதான்."

"அப்டியே கூப்பிடுங்க. தோளைப் புடிச்சி உலுக்கிக் கூப்பிடுங்க."

"ஏங்க... ஏங்க! இங்க பாருங்களேன். ஏங்க!"

பிள்ளைகளே, அந்தக் குரலை என்னால் எழுத முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள். ஒரு நாளாவது அவர் 'என்னா?' என்று கேட்காமல் இருந்திருக்க மாட்டார்.

"உங்கள பாக்கறாரா?"

"இல்லீங்க. மேல பாத்துக்குனே இருக்காங்க."

"இப்ப நான் சொல்றத மட்டும் செய்யுங்க. அவரு மூச்சு இழுக்கற ஒவ்வொரு தடவையும் 'வந்துச்சு'ன்னு சொல்லுங்க. வேற எதுவும் பேச வேணாம்."

"வந்துச்சு" என்றாள்.

காத்திருந்தேன். பின்னணியில் மின்விசிறி சுற்றுகிற சத்தம். சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் தொண்டையைச் செருமினார். இவ்வளவும் கேட்டுவிட்டது, அந்தச் சொல் மட்டும் வரவில்லை. கடைசியில், பெரிய ஆறுதலோடு, "வந்துச்சு!" என்றாள். மறுபடியும் அதே போல் நீண்ட மௌனம்.

"வரலீங்களே" என்றாள். "ஏன் வரல?"

குறட்டை என்று அவர்கள் நினைத்தது குறட்டை இல்லை. இதயம் நிற்கும்போது உடம்பு கடைசியாக இழுக்கிற இழுப்பு அது. 'சுவாசம் சீராக உள்ளதா' என்று நூறு முறை கேட்டிருந்தாலும் எனக்கு அது தெரிந்திருக்காது. அவளுக்கும் தெரிந்திருக்காது. 'வந்துச்சு' என்று சொல்லச் சொன்னதும் எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் அதே நொடியில் தெரிந்துவிட்டது. விளங்க வைப்பது என்றால் அவளுக்குத் தெரிந்த அந்த இரண்டாவதுதான். நமக்கு மட்டும் தெரிந்து என்ன பயன்? வேலை செய்யப் போகிற கை அவளுடையது.

"ஜைத்தூன், அவரு நெஞ்ச நாம அமுக்கணும். சாரை உள்ள கூப்பிடுங்க."

அவள் தயங்கவே இல்லை. "சார், உள்ள வாங்க!" என்று கத்தினாள். அவரும் ஓடி வந்தார்.

"அடிபம்பு அடிச்சிருக்கீங்களா?"

"அடிச்சிருக்கேன்."

"ரெண்டு கையையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சி, நடு நெஞ்சுல, பம்பு அடிக்கற மாதிரி உடம்பு பாரத்த எறக்கி அமுக்குங்க. பின்னாடி குடத்தோட நிக்கிறவங்க எல்லாம் உங்களத் திட்டறாங்க. அந்த வேகம் வேணும். வலிக்குமேன்னு பாக்காதீங்க. கை வலிச்சா சார்கிட்ட குடுங்க."

அவள் அமுக்கினாள். கண்ணீரோடு, யா அல்லா, யா அல்லா என்று ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு தடவை. எனக்கு எண்ண வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பிறகு அவர் அமுக்கினார், அந்த ரிட்டயர்டு சர்வன்ட், மூச்சிரைக்க. அவருடைய தமிழும் அப்போது மாறிவிட்டது. "இன்னும் எவ்ளோ நேரம்மா? வண்டி எங்கம்மா வருது?" என்று கேட்டார். மேடம் போய் அம்மா ஆகிவிட்டேன்.

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று ஒரு குரல். போன் எங்கேயோ விழுந்தது. காலடிச் சத்தம், ஸ்ட்ரெச்சர் சத்தம், பிறகு இணைப்பு அறுந்தது. அவ்வளவுதான். அந்தக் குடும்பம் என் காதில் வாழ்ந்தது அவ்வளவு நேரம்தான்.

ஷிப்ட் முடிந்ததும் இன்சார்ஜ் டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று இருந்தேன்.

"நீங்க கேட்டது கார்டுல இல்ல."

"இல்ல சார்."

"வெயிட்டிங்ல இருந்தவங்க யாருக்காச்சும் எதாவது ஆயிருந்தா?"

"அதுக்கும் நான்தான் சார் பதில் சொல்லணும்."

கொஞ்ச நேரம் டீயை ஊதினார். "அந்த 'வந்துச்சு' எங்க கத்துக்கிட்டீங்க?"

எக்ஸ்சேஞ்சில் கற்றது. வீட்டுப் போனில் மணி சரியாக அடிக்கவில்லை என்று புகார் வந்தால், வேறொரு லைனில் வீட்டுக்காரரைப் பிடித்து, 'மணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அடிச்சுதுன்னு சொல்லுங்க' என்போம். 'மணி ஒழுங்கா அடிக்குதா' என்று கேட்டால் எல்லோரும் அடிக்குது என்றுதான் சொல்வார்கள். சொல்லச் சொன்னால்தான் பழுது எங்கே என்று தெரியும். இன்சார்ஜிடம் இதைச் சொன்னதும் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அட்டையின் தமிழை மாற்றச் சொல்லி அவர் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். அட்டையின் மொழி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அதன் பிறகு அவர் மறுபடி எழுதவில்லை, புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் கண்ணை மூடி உட்காரவைத்து, 'வந்துச்சு' கேட்க வைத்தார். நானும் அதையே செய்தேன். எங்கேயும் எழுதி ஒட்டாமல் வாயிலிருந்து வாய்க்குப் போயிற்று.

அந்த அழைப்பு வந்த அன்று இரவு, வீட்டில் சாப்பிடும்போது சார் கேட்டார். சொன்னேன். வழக்கம் போல அவர் முடிவு சொன்னார்: "லேஸ் கடைக்காரரு பொழச்சிக்கினாரு. இனிமே அந்தம்மா அவர பேர் சொல்லித்தான் கூப்பிடப் போவுது. அவருக்கு அதுதான் ஷாக்கு." நான் சிரித்தேன். உண்மையில் என்ன ஆயிற்று என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் லேஸ் கடைகளைப் பார்ப்பேன். கல்லாவில் யாராவது ஒரு தாடிக்காரர் உட்கார்ந்திருப்பார். இவராக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நடந்துவிடுவேன்.

ஓய்வு பெற்று வந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சண்டை போடவும் வேறு ஆள் கிடையாது. போன மழைக்காலத்தில் அந்தக் காலை, சார் கூடத்துக்கு அடுத்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கீழே கிடந்தார், பேப்பர் மேலே விழுந்து கிடந்தது.

உங்கள் எண்ணை அழுத்தினேன். அந்தச் சின்னக் குரல் எடுத்தது. நான் பேசினேன்:

"நோயாளி ஆண். வயது எழுபதை நெருங்குகிறது. சுயநினைவு உள்ளது. சுவாசம் சீராக உள்ளது."

அப்படியே, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். அவள் கேட்பதற்கு முன்பே எல்லாப் பதிலையும் சொல்லிவிட்டேன். கேள்வி அட்டை எனக்கு மனப்பாடம் அல்லவா! அவள் 'காத்திருங்கள்' என்று சொல்லி வைத்திருக்கலாம். அட்டையின்படி அது சரி.

அவள் வைக்கவில்லை. கொஞ்சம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, நீங்க எங்க நிக்கிறீங்க?"

அப்போதுதான் கீழே பார்த்தேன். அறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒரு காலைக்கூட வைத்திருக்கவில்லை.

"வாசப்படில" என்றேன்.

"உள்ள போங்கம்மா. அவர் பக்கத்துல உக்காருங்க. எப்பவும் எப்டி கூப்பிடுவீங்களோ அப்டி கூப்பிடுங்க."

"சார்" என்றேன். "சார்! சார்!"

"யாரும்மா சார்?"

"எங்க வூட்டுக்காரர்."

"சரிம்மா. நல்லா சத்தமா கூப்பிடுங்க." அவள் சிரிக்கவில்லை. அதற்காக அவளுக்கு ஒரு நன்றி. "பதில் இல்லையா? பரவால்ல. இப்ப அவரு மூச்சு இழுக்கற ஒவ்வொரு தடவையும் 'வந்துச்சு'ன்னு சொல்லுங்க."

"வந்துச்சு" என்றேன்.

தெருவில் வைத்திக்குப்பத்து மீன்காரம்மா கூவிக்கொண்டு போனார். எங்கள் வாசலில் நின்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டு நகர்ந்தார். மழைத் தண்ணீர் எங்கேயோ சொட்டியது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை சொல்வதற்கு மூச்சு எதுவும் வரவில்லை.

"வரல" என்றேன். 'சுவாசம் சீராக உள்ளது' என்ற என் பொய் அதோடு முடிந்தது.

ஜைத்தூனின் பக்கத்து வீட்டுக்காரரை இத்தனை வருடம் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். பார்க்காமல் பேசிய மனிதர் என்று. வாசலில் நான் நின்ற அன்றுதான் அவர் விளங்கினார். பெரிய சொற்கள் அப்படிப்பட்டவை. அவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிற வரை உள்ளே போக வேண்டியதில்லை. 'சுவாசம் சீராக உள்ளது' என்று சொல்லும்போது அது என் சாரின் மூச்சு இல்லை, யாரோ ஒரு நோயாளியின் சுவாசம். விளங்காதவர்கள் மட்டும்தான் விளங்காத சொல்லுக்குப் பின்னால் ஒளிவார்கள் என்று நினைக்காதீர்கள். என்னைப் போல் முழுக்க விளங்கினவர்களும் ஒளிவோம். உங்களிடம் தெளிவாக, நிதானமாக, அட்டையில் இருக்கிற சொல்லாலேயே பதில் சொல்கிறவர்களை ஒரு முறை கூடுதலாகக் கேளுங்கள்: நீங்க எங்க நிக்கிறீங்க?

"அம்மா, அடிபம்பு அடிச்சிருக்கீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அடிச்சிருக்கேன்" என்றேன். பின்னால் குடத்தோடு நிற்பவர்கள் திட்டுகிறார்கள் என்றும் சொன்னாள். என் சொல், ஜைத்தூனிடம் நான் சொன்ன சொல், ஒரு எழுத்து மாறாமல் திரும்பி என் காதுக்கே வந்தது. நான் அமுக்கினேன்.

ஒரு சந்தேகம், தங்கச்சி. உன் குரலைக் கேட்டால் நீ அடிபம்பு அடித்திருக்க வாய்ப்பே இல்லை. பார்த்தாவது இருக்கிறாயா? உனக்கு யாரோ சொல்லிக்கொடுத்தார்கள், நீ எனக்குச் சொன்னாய், எனக்கு விளங்கியது, ஏனென்றால் நான் அந்தக் காலத்து ஆள். நாளைக்கு உன்னை அழைக்கப் போகிறவள் உன் வயதுக்காரியாக இருப்பாள். அவளிடம் அடிபம்பு என்றால் 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். நாங்கள் அட்டையைத் திட்டினோம், இப்போது எங்கள் சொல்லே இன்னொரு அட்டையாக ஆகிவிடும். அவள் கை எதை அமுக்கிப் பழகியிருக்கிறது என்று கேட்டு, அவளிடமிருந்தே சொல்லை எடு. எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வண்டி வந்ததும் போனை எங்கேயோ போட்டுவிட்டேன். நீ 'அம்மா, அம்மா' என்று கூப்பிட்டது தரையிலிருந்து கேட்டது. பிறகு அறுந்துவிட்டது. நீ அடுத்த விளக்கை எடுத்திருப்பாய். வீட்டுக்குப் போய் உனக்குச் சாப்பாடு இறங்கியதோ இல்லையோ.

அதனால் சொல்கிறேன். இந்த வேலையில் யாருக்கும் கிடைக்காத ஒன்று உனக்குக் கிடைக்கட்டும், ஒரு முடிவு. இதில் என் சார் எனக்குச் சொன்ன மாதிரி ரசஞ்சோறு இல்லை. அவர் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நீ எதையும் தவறாகக் கேட்கவில்லை, எதையும் தாமதமாகச் சொல்லவில்லை. செய்ய வேண்டியதை நேரத்தில் செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரும் சொன்னார்.

இப்போது இந்த வீட்டில் கதை கேட்கவும் முடிவு சொல்லவும் ஆள் இல்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை அழைத்து, 'எப்படிம்மா இருக்கே?' என்பான். 'நல்லா இருக்கேன்' என்பேன். அதுவும் அட்டையில் இருக்கிற பதில்தான். வாசற்படியில் நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் அந்தக் காலை நான் வாசற்படியிலேயே நின்றுவிடவில்லை. நீ என்னை உள்ளே அனுப்பினாய். கடைசி மூச்சு வந்தபோது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அது வந்ததைப் பார்த்து, வந்துச்சு என்று சொன்னேன். வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும், தங்கச்சி, இந்த வீட்டில் நான் தனியாக இல்லை.